நாலு புள்ளிக் காசு

புதிதாகத் தோளில் கண்டக்டர் பை மாட்டியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

ஸ்டேஜ் எங்கே மாறுகிறது, பாஸை எப்படிப் பார்ப்பது, செக்கிங் ஏறினால் எந்தப் பக்கம் நிற்பது, இதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். பயணிகளிலும் பாதிப்பேர் போனை நீட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அதனால் அந்த விஷயங்களை நான் தொடப்போவதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே என் ஆயுசில் பாதி ஓடியிருக்கிறது. அத்தனை வருடமும் என் இடுப்போரம் குலுங்கிக்கொண்டிருந்த காசுகளின் முகத்தைப் பற்றியும், அதில் ஒரு காசினால் என் வேலையே போகப் பார்த்ததைப் பற்றியும் சொல்கிறேன். காசில் என்ன இருக்கிறது, தலையும் பூவும்தானே என்று நினைக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. பழைய இரண்டு ரூபாய்க் காசுக்கு எத்தனை மூலை? எட்டு என்பீர்கள். பத்து என்பீர்கள். கொஞ்சம் தைரியசாலி பன்னிரண்டு என்பான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எங்கள் டிரைவர் இப்படித்தான் பன்னிரண்டு என்று அடித்துச் சொன்னார். காசின் ஒரு மூலையில் சுண்ணாம்பு வைத்துவிட்டு அங்கிருந்து சுற்றி எண்ணினோம். பதினொன்று. மறுபடி எண்ணினோம். பதினொன்றுதான். எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கேயோ ஓர் அறையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, பத்தும் வேண்டாம், பன்னிரண்டும் வேண்டாம், இந்த நாட்டுக்குப் பதினொன்றுதான் என்று முடிவு செய்திருக்கிறார். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் ஒரு கை மேல்கம்பியில் தொங்க, மறு கை பைக்குள் துழாவும்போது, விரல் அந்த மூலையில் பட்டதும் இரண்டு ரூபாய் தானாக மேலே வந்துவிடும். கண்ணே தேவையில்லை.

நாலணாவில் காண்டாமிருகம் இருந்தது, நினைவிருக்கிறதா? இந்த ஜில்லாவில் யார் காண்டாமிருகத்தைப் பார்த்திருக்கிறார்கள்? நானும் பார்த்ததில்லை. ஆனால் என் பைக்குள் அது கூட்டம் கூட்டமாக மேய்ந்தது. ஆலப்பாக்கத்தில் ஏறும் மீன்காரம்மா முந்தானை முடிச்சில் காண்டாமிருகம். பள்ளிக்கூடப் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் காண்டாமிருகம். ஐம்பது காசில் பார்லிமெண்டுக் கட்டடமும் நாட்டுப் படமும். வாழ்நாளில் டெல்லிக்குப் போகாத என் கைக்குள் தினமும் டெல்லி வந்து போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். நம்மை யாரென்றே தெரியாத ஓர் அரசாங்கம், நம் உள்ளங்கைக்கு என்று உட்கார்ந்து படம் வரைந்திருக்கிறதே!

இப்படிக் காசைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது எனக்குத் தொழில் காட்டிய சீனியர் கண்டக்டரால். வாய் நிறைய வெற்றிலை, வாய் திறந்தால் வசவு. அவர் எனக்குச் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, பைக்குள் கை இருக்கும்போது வாயில் பேச்சு இருக்கக் கூடாது. பேசிக்கொண்டே சில்லறை எடுத்தால் கை தப்பும், கோபத்தில் பேசினால் வாயும் தப்பும். இன்னொன்று போணி. முதல் டிரிப்பில் கைக்கு வரும் முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பையில் போட வேண்டும். கடைக்காரர்கள் செய்வதுதான். நம் ஆட்களும் எல்லோரும் செய்வார்கள். நான் ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

“நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன் அண்ணே. நானும் ஒத்திக்கணுமா?”

“அட கிறுக்கா, சாமி கும்புடறதுக்கா சொன்னேன்? காலைலேர்ந்து ராவு வரைக்கும் காசத் தொட்டுக்கினே இருக்க. ஒருவாட்டியாவது அது மூஞ்சியப் பாக்க வேணாமா? கண்ணுகிட்ட கொண்டாந்தாதான பாப்ப.”

அன்றிலிருந்து நானும் போணிக் காசை இரண்டு கண்ணிலும் ஒற்றி, உதட்டிலும் ஒருமுறை வைத்து, அப்புறம்தான் விசில் கொடுப்பேன். உதட்டில் வைப்பது மட்டும் என் சொந்தச் சேர்க்கை. எங்கள் வீட்டில் ஜெபமாலையை எடுத்தால் முத்தம் கொடுத்துத்தான் வைப்போம். அந்தப் பழக்கம் காசுக்கும் தொற்றிக்கொண்டது.

என் போணி பெரும்பாலும் ராஜாங்கத்தின் கையால்தான். மஞ்சக்குப்பத்தில் வீடு, சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். என் முதல் டிரிப்புக்கு வருடக்கணக்கில் அவன்தான் முதல் ஆள். கண்டக்டர் சீட்டுக்கு எதிர் சீட்டு அவனுக்குப் பட்டா போட்ட மாதிரி. கிட்டத்தட்ட ஒரே வயது, அவன் கொஞ்சம் மூத்தவன். நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மச்சான். “இந்தா மச்சான், என் கைராசி” என்று சொல்லித்தான் காசை நீட்டுவான். அவன் லீவு போட்டால் அன்றைக்கு எனக்கு வண்டியே கிளம்பாத மாதிரி இருக்கும்.

இனி அந்த மார்கழிக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஆறாம் வருடம் முடிந்து ஏழு பிறந்திருந்த சமயம். திருவாதிரைக்குச் சிதம்பரம் போகும் கூட்டம் காலையிலேயே கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றது. குளித்த தலை, ஈர விபூதி, தேங்காய்ப் பை. பண்டிகைக் கூட்டம் என்றால் எனக்கு எப்போதும் ஒரு குஷி. ராஜாங்கம் முண்டியடித்து ஏறித் தன் சீட்டைப் பிடித்தான். தாளோடு சேர்த்து ஓர் இரண்டு ரூபாய்க் காசை நீட்டினான்.

வாங்கியதும் விரல் திடுக்கிட்டது. மூலையே இல்லை. வழவழவென்று வட்டமாக இருந்தது. இரண்டு ரூபாய் உருண்டையாக வந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன், என் கைக்கு வந்தது அன்றுதான். விரலால் தெரியாததால் கண்ணருகே கொண்டுபோனேன். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பட்டைக் கோடுகள். நடுவில் சந்திக்கின்றன. கோடுகளுக்கு இடையே நான்கு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி. சிலுவை என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருடம் சிங்கமும் கோதுமைக் கதிரும் காண்டாமிருகமும் பார்த்த கைக்கு, இந்த நாட்டுக் காசில் என் வீட்டுச் சுவரில் தொங்குவது வந்திருக்கிறதே! கண்ணில் ஒற்றினேன். உதட்டில் வைத்தேன். வழக்கத்தைவிட ஒரு மூச்சு கூடவே வைத்திருந்திருப்பேன்.

ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. நடுவரிசையில் பட்டு வேட்டி கட்டிய ஒருவர், பக்கத்தில் பூக்கூடையோடு அவர் மனைவி. அவர் பெயர் ஏகாம்பரம் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவருக்குப் பாக்கிச் சில்லறை கொடுத்தேன். அதில் அந்தக் காசும் போய்விட்டது. அவர் அதை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். சவரிமுத்து.

“இன்னாய்யா இது?”

“ரெண்டு ரூபா சார். புதுசு.”

“அது தெரியுது. சிலுவ போட்ட காசு. பஸ் ஸ்டாண்டுல இதுக்குத்தான முத்தம் குடுத்த? நான் பாத்துக்கினுதான் இருந்தேன். முத்தம் குடுத்து, ஜெபம் பண்ணி, எங்க கையில குடுக்கற. அதுவும் திருவாதிர அன்னிக்கு. எத்தினி நாளா நடக்குது இந்த வேல?”

பின்னாலிருந்த இளவட்டங்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவன் தன் கையிலிருந்த சில்லறையைப் பார்த்தான். “டேய், எனக்கும் குடுத்துருக்கான்டா” என்றான். அவனுக்கு நான் கொடுத்தது ஐம்பது காசு, அதில் பார்லிமெண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள்? வண்டிய நிறுத்து என்று ஒரு குரல். கண்டக்டர எறக்கி உடு என்று இன்னொன்று. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி வேகத்தைக் குறைத்தார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி, எங்கள் டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாக்கு நுனியில் பதில் துடித்தது. இது சிலுவை இல்லை என்று சொன்னால் அது பொய், நானே அப்படித்தான் நினைத்தேன். சிலுவைதான் என்றால் அதோடு முடிந்தது. அரசாங்கம் அடித்த காசு, போய் அரசாங்கத்தைக் கேள் என்றால் திமிர். எந்தப் பதில் சொன்னாலும் அது சவரிமுத்து சொன்ன பதிலாகத்தான் காதில் விழும். கண்டக்டர் சொன்னதாக விழாது. என் கை பைக்குள் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

எனக்காகப் பேசக்கூடியவன் ஒருவன் அந்த வண்டியில் இருந்தான். அந்தக் காசைக் கொடுத்தவனே அவன்தான். தினமும் எந்தக் காசு வந்தாலும் நான் இதைத்தான் செய்கிறேன் என்று வருடக்கணக்கில் பார்த்தவன். ராஜாங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இளவட்டங்கள் கத்தியது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது.

“நீங்களே நல்லாப் பாருங்க சார்” என்று மட்டும் சொன்னேன். ஏகாம்பரம் காசைப் பார்க்கவில்லை. என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் அவர் உள்ளங்கையிலிருந்து காசை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கொஞ்சம் சாய்த்துத் திருப்பினார்.

“ஏங்க, இதப் பாருங்களேன்.”

“நீ சும்மா இரு.”

“இல்லீங்க, நாலு புள்ளிக் கோலங்க இது. நாலு புள்ளி வச்சு நடுவுல எழ ஓட்னா இதான் வரும். காலைல நம்ம வாசல்ல இதத்தான போட்டேன்? தாண்டித்தான வந்தீங்க? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?”

வண்டி முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு சிரித்தது. பெண்கள் பக்கம்தான் முதலில் கிளம்பியது அந்தச் சிரிப்பு. ஆளாளுக்குக் காசைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். “ஆமாம்மே, சிக்குக் கோலந்தான்.” “பரங்கிப் பூ ஒண்ணுதான் கொறச்சல்.” இளவட்டங்களும் சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். அட ஆண்டவரே, சிலுவையும் இருந்தது, கோலமும் இருந்தது. சாய்த்துப் பிடித்தால் ஒன்று, நேராகப் பிடித்தால் ஒன்று. ஒரே காசு.

அந்த அம்மா காசைத் திருப்பித் தரவில்லை. “அழகாருக்குது, இது எங்கிட்ட இருக்கட்டும்” என்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைப்பீர்கள். இங்கேதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. வண்டியே சிரித்தது, ஆனால் ஒருவர் சிரிக்கவில்லை. ஏகாம்பரத்தின் காது சிவந்திருந்தது. பெண்டாட்டி முன்னால், ஊர் முன்னால் அவமானம். அந்தச் சிரிப்பை நான் அடக்கியிருக்க வேண்டும். டிரைவரையாவது ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும். நான் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தேன். ஒரு ஆளை மட்டம் தட்டி முடித்த சண்டை முடிந்த சண்டை இல்லை, அது இறங்கிப் போய் வேறு வண்டி ஏறி நம் டிப்போவுக்கு வரும். அப்படியே வந்தது. பணி நேரத்தில் மதப் பிரச்சாரம் செய்தார், பயணி ஒருவரை மற்றவர்கள் கேலி செய்ய வைத்தார் என்று புகார்.

என்னை வண்டியில் ஏற்றவில்லை. டிப்போவில் ஓரமாக உட்கார வைத்தார்கள். காக்கி போட்டுக்கொண்டு பை இல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலம் என்று அப்போது தெரிந்தது. வீட்டில் பெண்ணுக்கு நர்சிங் இரண்டாவது வருடம். சஸ்பெண்ட் ஆனால் படிப்பு நின்றுவிடும். என் மனைவி சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

கிளை மேலாளர் கெட்டவர் இல்லை. வம்பு வேண்டாம் என்று நினைப்பவர். “இனிமே செய்யமாட்டேன், தெரியாம செஞ்சிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு டூட்டிக்குப் போய்யா” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன செய்தேன் என்று எழுத? போணி பண்ணினேன் என்றா? எழுதினால் சிலுவையைக் காட்டிப் பிரச்சாரம் செய்ததை ஒப்புக்கொண்ட மாதிரி, சர்வீஸ் முழுக்க அது என் பின்னால் வரும். எழுதமாட்டேன் என்றேன். அப்படியானால் மெமோதான் என்றார். இப்படி நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது கதவோரம் ராஜாங்கம் வந்து நின்றான். ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமல் வந்திருந்தான். வேர்த்து விறுவிறுத்திருந்தது.

“சார், நான் இந்த வண்டில தெனம் வர்றவன். அன்னிக்கு அந்தக் காசக் குடுத்ததே நான்தான்.”

“சரி. இவரு முத்தம் குடுத்தாரா இல்லையா?”

“குடுத்தான் சார். தெனமும்தான் குடுக்கிறான். சிங்கம் போட்ட காசுக்கும் குடுத்தான், கோதும போட்ட காசுக்கும் குடுத்தான். அப்பல்லாம் நாலணா ஓடுச்சே, அதுல காண்டாமிருகம் இருந்துச்சு. அதையும் கண்ணுல ஒத்திக்கினு முத்தம் குடுப்பான். அதுக்காவ இவன் இன்னா, காண்டாமிருகத்தக் கும்புடறவனா சார்?”

மேலாளர் பேனாவை மூடிவிட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மெமோ இல்லை. எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் போகும்போது வாயால் சொன்னார், “காண்டாமிருகமோ கோலமோ, இனிமே பயணிங்க எதிர்க்க அந்தப் போணி வேலைய வச்சுக்காத.” சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

வெளியே வந்ததும் ராஜாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேவிட்டேன். “அன்னிக்கே இத வண்டில சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்துருக்குமா மச்சான்?” என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“எனக்கே அன்னிக்கு சந்தேகம் வந்துடுச்சு மச்சான். அன்னிக்கு நீ ஒரு மாதிரியா குடுத்த.”

கையை விட்டுவிட்டேன். அவன் சொன்னது உண்மை. உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது. என் மனசுக்குள் நடந்ததை இவன் எட்டிப் பார்த்துவிட்டானே, பார்த்ததும் என்னை வேற்றாளாக நினைத்துவிட்டானே என்று. அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவனோடு பேசாமல் இருந்தேன், கேளுங்கள் இந்தக் கூத்தை. தினமும் அவன் அதே சீட்டில் உட்காருவான். காசை நீட்டுவான். டிக்கெட்டைக் கொடுப்பேன். சிதம்பரம் வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவோம். அவன் கொடுத்த போணிக் காசை நான் முகம் பார்க்காமல் பையில் போடுவேன்.

அந்தக் காசின் அர்த்தம் பிறகு ஒருநாள் பேப்பரில் வந்திருந்தது. நான்கு பேர் ஒரே உடம்பாகச் சேர்ந்து நிற்பதுதானாம் அது. நான்கு தலைதான் நான்கு புள்ளி. வேற்றுமையில் ஒற்றுமை என்பதற்கு வரைந்த படம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்தேன். ஒற்றுமைக்கு வரைந்த படத்தால் நான் ஒரு நல்ல சிநேகிதனோடு பேசாமல் இருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு கைக்காசு வந்தது. உங்களில் பலர் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். ஐம்பது காசில் மூடிய கை. ஒரு ரூபாயில் கட்டைவிரல் தூக்கிய கை. இரண்டு ரூபாயில் இரண்டு விரல் நீட்டிய கை. அளவெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்து எங்கள் உயிரை வாங்கியது வேறு விஷயம். அந்தக் காசு போட்டவர்களைத் திட்டாத கண்டக்டர் கிடையாது, நானும் திட்டினேன். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டால் திட்டு பாதியில் நின்றுவிடும். எழுத்து தெரியாதவரும் எண் தெரியாதவரும் ஒரு விரல் என்றால் ஒன்று, இரண்டு விரல் என்றால் இரண்டு என்று புரிந்துகொள்வார்கள். புதுச்சத்திரத்தில் ஏறும் ஒரு பெரியவர், கைநாட்டு, தன் கட்டைவிரலைக் காசின் கட்டைவிரல் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “கெவுருமெண்ட்டே கைநாட்டு வச்சுருக்கு” என்று குலுங்கிச் சிரித்தார்.

அந்த இரண்டு விரல் காசு முதன்முதலில் வந்தது ராஜாங்கம் கையால்தான். வழக்கம்போல நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையை நீட்டினேன். காசு விழவில்லை. திரும்பினேன். அவன் காசை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் நமக்குள் சண்டை வந்தால் கா விடுவோம், சமாதானம் என்றால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டிப் பழம் விடுவோம், இல்லையா? காசில் இருந்தது அதே கை.

“பழம் மச்சான்” என்றான். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், ரிடையர்மெண்டை எண்ணிக்கொண்டிருக்கும் கிளார்க், கண் கலங்கி நிற்கிறான். “பாத்தியா, கெவுருமெண்ட்டே பழம் உடுது. உனுக்கு இன்னா?”

நானும் இரண்டு விரலை நீட்டிவிட்டேன். வண்டியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அன்று டிரிப் முடிந்து இடைவேளையில் என்னை நடராஜர் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். எத்தனை வருடம் அந்த ஊருக்குப் போய் வந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அந்த வாசலுக்குள் நின்றதில்லை. உள்சுவரின் இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகக் கல்லில் ஆடும் பெண்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. “மூடுன கை முஷ்டி. கட்டவெரல் தூக்குனா சிகரம். ரெண்டு வெரல் நீட்டுனா கர்த்தரீமுகம். நாட்டியத்து முத்திரையத்தான் காசுல போட்டுருக்காங்களாம், என் பொண்ணோட டான்ஸ் டீச்சர் சொன்னாங்க” என்று ராஜாங்கம் ஒரு ரூபாய்க் காசை ஒரு கல் பெண்ணின் கைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தான். பல கைகள் தேய்ந்திருந்தன. அதே முத்திரைதானா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்தக் கல்லைச் செதுக்கியவனும், இந்தக் காசை வரைந்தவனும், மேல்கம்பியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன என் கையும் ஒரே இடத்தில் நின்ற மாதிரி இருந்தது. என் வேலை பெரிய வேலை என்று என் சர்வீஸில் முதல்முதலாக எனக்குத் தோன்றியது அந்த வாசலில்தான்.

ஆனால் போணி மட்டும் திரும்பி வரவில்லை. மேலாளர் மாறிப் போய்விட்டார், யாரும் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான். பயணிகள் முன்னால் காசை முகத்துக்குக் கொண்டுபோக எனக்கே கை வரவில்லை. யார் பார்க்கிறார்களோ, என்ன நினைக்கிறார்களோ என்ற கூச்சம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. நாலணாவை நிறுத்தினார்கள், காண்டாமிருகம் போயிற்று. புது ரூபாய்க் குறி போட்ட காசு வந்தது. ராஜாங்கம் ரிடையர் ஆகிவிட்டான். எதிர் சீட்டில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு காலையும் முதல் காசு பைக்குள் மொட்டையாக விழும் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். புயல் அடித்த மார்கழி அது, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு பிறந்த வாரம். நம் ஜில்லா எப்படிக் கிடந்தது என்று உங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துக் கிடந்தன. பல ஊரில் கரண்ட் இல்லை. திருவாதிரை வந்தது, கூட்டம்தான் வரவில்லை. முதல் டிரிப்புக்கு வண்டியில் நானும் டிரைவரும் காலி சீட்டுகளும். கிளம்ப வேண்டிய நேரம். அப்போது ஒரு தம்பதி ஏறினார்கள். பட்டு வேட்டி இல்லை, சாதா வேட்டி. முடி நன்றாக நரைத்திருந்தது. பூக்கூடையைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. ஏகாம்பரம்.

அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. சட்டையில் இருந்த பெயரைப் படிக்கவில்லை, நேராக முகத்தைப் பார்த்தார். எங்கே சார் என்று கேட்டேன். சிதம்பரம் ரெண்டு என்றார். தாளைக் கொடுத்தார். நான் டிக்கெட்டை நீட்டினேன். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்சத்துக்கு ஒரு காசை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார். அவர் அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

வட்டமான இரண்டு ரூபாய். பட்டைக் கோடுகள். நாலு புள்ளி. நடுவில் கொஞ்சம் மஞ்சள் அப்பியிருந்தது, சாமி மாடத்தில் வைத்திருந்த காசு.

நான் அதைப் பார்க்காத மாதிரி பைக்குப் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

“ஏன், கண்ணுல ஒத்திக்கலியா?” என்றார் ஏகாம்பரம். குரலில் கோபம் இல்லை.

“அத உட்டுட்டேன் சார்.”

“எப்பலேர்ந்து?”

பைக்குள் பாதி போன கை அப்படியே நின்றது. அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகச் சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, என் கையிலிருந்து அந்தக் காசைத் திருப்பி எடுத்தார். வலது கண்ணில் ஒற்றினார். இடது கண்ணில் ஒற்றினார். மறுபடி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

“போணி பண்ணுங்க” என்றார்.

டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். விசில் கொடுக்க எனக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. உதட்டில் காசு இருந்தது.